மான்வேட்டையும் மைந்தர் கல்வியும்

பண்டைக் கிரேக்க நாட்டின் மேற்குப் பகுதியில், ஒலிம்பியாவிலுள்ள சேயுஸ் கோயிலிலிருந்து இரண்டு மைலுக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், ஸ்கில்லஸ் என்னும் சிற்றூர் ஒன்று இருந்தது. ஸ்பாட்டாவிலிருந்து ஒலிம்பியாவுக்குச் செல்வோர் அவ்வழியே சென்றனர். மேய்ச்சல் நிலமும், மரமடர்ந்த குன்றும், மீன் நிறைந்த சிற்றாறும் உடைய அவ்வூரில், கி.மு. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறக்குறைய 20 ஆண்டு வாழ்ந்தவர் செனபோன். போர்வீரராகவும் வரலாற்றாசிரியராகவும் உலகம் அறிந்த அவர், வேட்டையைப் பொழுதுபோக்கென்று எண்ணினாரல்லர். சிறுவன் ஒருவன் மனிதனாவதற்கு வேண்டிய கல்வியுள் அதனையும் ஒன்றாக மதித்தார். அதுபற்றித் தனி நூலே எழுதிவைத்தார். ஓடுகின்ற மானைத் துரத்துவதினும், வராத மானுக்காகக் காத்திருப்பதைப் பற்றியே அந்நூலின் மான் அதிகாரம் மிகுதியாகப் பேசுகின்றது.

இம்மனிதர் இவ்வூருக்கு வந்த வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். செனபோன் கி.மு. 430 ஆம் ஆண்டளவில் அதென்சிற் பிறந்தவர், சோக்கிரதீசரின் மாணவர். கி.மு. 401 இல், பாரசீகப் பேரரசனாகிய தமையனுக்கு எதிராகப் படை திரட்டிய இளைய சைரஸ் என்பானுடைய கூலிப்படையோடு அவர் ஆசியாவிற்குட் சென்றார். குனக்சாக் களத்தில் இளவரசன் மாண்டான். கிரேக்கப் படைத்தலைவரோ வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டுக் கொலையுண்டனர். தலைவரை இழந்து தவித்த அப்படையை மலையும் பனியும் கடந்து கருங்கடற் கரைக்குக் கொண்டுவந்தோருள் செனபோனும் ஒருவர். அவர் ஆசியாவில் இருக்கும்போதே, கி.மு. 399 இல், அவருடைய ஆசிரியர் அதென்சில் நஞ்சருந்தி உயிர்நீத்தார். பின்னர் அவர் ஸ்பாட்டா மன்னன் அஜெசிலேயசின் நண்பராகி, கி.மு. 394 இல் கொரோனியாப் போரிலே ஸ்பாட்டரின் பக்கத்தில் நின்றார். தாய்நகராகிய அதென்ஸ் அவரை நாடு கடத்திற்று. அது எப்போது, எக்குற்றத்திற்காக என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. இடமின்றி நின்ற அவருக்கு ஸ்பாட்டர் ஸ்கில்லசில் மனையும் நிலமும் அளித்தனர்.

மனைவி பிலேசியா, மைந்தர் இருவர், கிரில்லஸ், தியோதோரஸ் என்போர். போரிலே பிடித்த கைதிகளை விற்றுவந்த பணத்திற் பத்திலொரு பங்கு ஆர்ட்டெமிஸ் தெய்வத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் தம் பொறுப்பிலிருந்த பகுதியைக் கொண்டு செனபோன் அவ்வூரில் நிலம் வாங்கிச் சிறு கோயிலொன்று எடுப்பித்தார். எபேசசிலுள்ள பெருங்கோயிலின் சிறு வடிவம் அது. அங்கே பொன்னாலான திருவுருவம். இங்கே சைப்பிரஸ் மரத்தாலானது. ஆண்டுதோறும் நிகழும் திருவிழாவுக்கு ஊராரும் அயலாரும் ஆண் பெண் என்ற வேறுபாடின்றி வந்து கூடுவர். மாவும் அப்பமும் வைனும், பலியிட்ட விலங்குகளின் இறைச்சியிற் பங்கும் அனைவருக்கும் கிடைக்கும். அவ்விழாவுக்கென்று செனபோனின் மைந்தரும் ஏனைய குடிமக்களின் மைந்தரும் வேட்டைக்குப் போவர் என்றும், விரும்பிய பெரியோரும் உடன் செல்வர் என்றும், கோயில் நிலத்திலும் போலோயி மலையிலும் காட்டுப்பன்றியும் சிறுமானும் பெருமானும் பிடிபடும் என்றும் அவரே எழுதியுள்ளார். இங்கே பெருமான் எனப்பட்டது கிளைத்த கொம்புடைய செம்மான். நம் நாட்டு மரையை நினைத்துக்கொண்டால் அதன் தோற்றம் ஒருவாறு விளங்கும்.

பொறுமையைச் சொல்லிக்கொடுக்க இயலுமா என்ற வினாவைச் செனபோன் ஒரு கதையாக்கிக் காட்டுகிறார். ‘சைரசின் கல்வி’ என்னும் நூலிலே அக்கதை வருகின்றது. பாரசீகப் பேரரசை நிறுவிய மூத்த சைரசைப் பற்றியது அந்நூல். அதனை வரலாறென்று கொள்ளுதல் தவறு. பழைய மன்னன் ஒருவனைத் தலைவனாக வைத்துத் தம் கருத்துக்களை உரைத்த ஒரு புனைவு என்பதே பொருந்தும். ஆயினும் அதில் வரும் சிறுவன் உயிருள்ள சிறுவன். மக்களை வளர்த்த தந்தையொருவரே அவனை அவ்வாறு எழுதியிருக்க முடியும்.

சைரஸ் 12 வயது அளவில் தாயோடு மேதிய நாட்டுக்குச் சென்று பாட்டனாராகிய அஸ்தியாகஸ் மன்னரின் அரண்மனையில் தங்குகிறான். அரண்மனைச் சோலையிற் காவலுக்குள் வளர்க்கப்பட்ட விலங்குகளையெல்லாம் எறிந்து வீழ்த்திவிடுகிறான். பேரனுக்கு வேட்டைப் பொருள் தேடித் தருவதே பாட்டனாருக்குப் பெரும்பாடாகிறது. ஈற்றில், மாமனோடு வெளியே வேட்டைக்குப் போக அனுமதி கிடைக்கின்றது. வயது முதிர்ந்த குதிரைவீரர் சிலர் காவலாகச் செல்கின்றனர். வழிநெடுக அச்சிறுவன் அவர்களைக் கேள்விகளால் துளைக்கிறான். எந்த விலங்கை அணுகலாகாது? எதனை அஞ்சாது துரத்தலாம்? கரடியும் சிங்கமும் சிறுத்தையும் பன்றியும் அருகிற் சென்றோர் பலரைக் கொன்றிருக்கின்றன. மானும் காட்டாடும் காட்டுக் கழுதையும் தீங்கற்றவை. ஆனால் கொடிய விலங்குக்கு அஞ்சுமளவு கரடுமுரடான நிலத்துக்கும் அஞ்ச வேண்டும், குதிரையோடு பள்ளத்தில் வீழ்ந்து மாண்டோர் பலர் என்று அவர்கள் அறிவுறுத்துகின்றனர். சைரஸ் யாவற்றையும் கவனமாகக் கேட்டு மனத்திற் பதித்துக்கொள்கிறான். நல்ல மாணவன்.

அவ்வேளையில் ஒரு மான் துள்ளி எழுகின்றது. கேட்டவையெல்லாம் அக்கணத்திலேயே மறந்துபோகின்றன. மான் ஓடும் திசையன்றி வேறொன்றும் அவன் கண்ணிற் படவில்லை. பாய்ந்த குதிரை முழந்தாளிட்டு வீழ, அதன் கழுத்துக்கு மேலாகத் தூக்கியெறியப்படும் நிலையில் எப்படியோ பற்றிக்கொண்டு தப்புகிறான். குதிரை எழுகின்றது, சமநிலத்தை அடைந்ததும் எறியீட்டியால் மானை வீழ்த்திவிடுகிறான். அழகிய பெரிய மான். மகிழ்ச்சியில் மிதக்கும் அவனைக் காவலர் வந்து சூழ்ந்து கடிந்துகொள்கின்றனர். பாட்டனாரிடம் முறையிடப் போவதாகவும் சொல்கின்றனர். குதிரையிலிருந்து இறங்கி நின்று வாடிய முகத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறான். அதற்குள் ஓர் ஆரவாரம். பன்றியொன்று எதிரே வருகின்றது. மீண்டும் குதிரைமேல் தாவி, நேரே சென்று அதன் நெற்றியில் எறிந்து வீழ்த்துகிறான். கண்டிப்பு முடிவதற்கு முன்பே அதே குற்றம்! இம்முறை மாமன் கடிந்துகொள்கிறான். சிறுவனோ, தான் வீழ்த்தியவற்றைப் பாட்டனாருக்குத் தன் கையாலேயே கொடுக்க வேண்டும், அதன்பின் அடித்தாலும் சரி என்று மன்றாடுகிறான்.

வகுப்பறையை அறிந்தோருக்கு இக்காட்சி புதிதன்று. விதிகளைக் குறைவறச் சொன்னார்கள். மாணவனும் குறைவறக் கற்றான். மான் எழுந்தபோது அக்கல்வி எங்கோ போயிற்று. சொன்னவர்மீதும் குற்றமில்லை, கேட்டவன்மீதும் பெருங்குற்றமில்லை. செனபோன் அச்சிறுவனை வெறுக்கவுமில்லை. அவனுடைய துடிப்பை அவர் ரசித்தே எழுதுகிறார். ஆயினும் அவன் உயிர் தப்பியது தற்செயலே என்பதை மறைக்கவில்லை.

அந்நூலில் பாரசீக இளைஞரின் பயிற்சியும் கூறப்படுகின்றது. 16 அல்லது 17 வயதுவரை சிறுவர் நீதியையும் அடக்கத்தையும் உணவிற் கட்டுப்பாட்டையும் வில்லையும் ஈட்டியையும் பயில்வர். அதன்பின் மன்னனோடு வேட்டைக்குச் செல்வர். வைகறையில் எழுதல், குளிரையும் வெயிலையும் தாங்குதல், நடத்தல், ஓடுதல் எல்லாம் வேட்டையிலேயே பழக்கமாகின்றன. வேட்டை நாளில் அவர்கள் காலையுணவு கொள்வதில்லை. விலங்குக்காகத் தங்க நேர்ந்தால், கொண்டுவந்த காலையுணவை இரவுணவாக உண்டு, மறுநாள் இரவுவரை வேட்டையைத் தொடர்வர். இரு நாளை ஒரு நாளாகக் கணக்கிட்டுக்கொள்வர். காலையுணவைப் பற்றிய இச்சிறு குறிப்பை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று.

இனி வேட்டை நூலுக்கு வருவோம். அதன் சில பகுதிகள் செனபோன் எழுதியவைதாமா என்று ஐயுறும் அறிஞர் உளர். சிறப்பாக அதன் முன்னுரையைப் பற்றி அவ்வையம் எழுந்துள்ளது. மானைப் பற்றிய ஒன்பதாம் அதிகாரம் காட்டிற் கிடந்து பழகிய ஒருவர் எழுதியது என்பதில் படிப்போருக்கு ஐயம் எழாது. சிறுபருவத்தைக் கடக்கும் வயதிலேயே வேட்டையைக் கற்கத் தொடங்க வேண்டும் என்பது நூலின் கொள்கை. முதலில் முயல் வேட்டை. வழியிற் பேசலாகாது, குரல் கேட்டால் அருகிலிருக்கும் முயல் எழுந்து ஓடிவிடும். மிக இளங்குட்டிகளை ஆர்ட்டெமிஸ் தெய்வத்துக்கென விட்டுவிட வேண்டும். நாவை அடக்குதலும் கையை அடக்குதலும் அங்கேயே தொடங்குகின்றன.

மான் வேட்டைக்கு இந்திய நாய்கள் வேண்டும் என்கிறார் ஆசிரியர். அவை வலியவை, பெரியவை, விரைந்தோடுபவை என்பது காரணம். கிரேக்கச் சிற்றூரொன்றில் இந்திய நாயின் பேச்சு எழுவது வியப்பளிக்கலாம். அக்காலத்தில் பாரசீகப் பேரரசு சிந்து நதியிலிருந்து கிரேக்கக் கடல்வரை பரந்து கிடந்தது. பபிலோனியாவின் பாரசீக ஆளுநன் ஒருவன் தன் இந்திய நாய்களுக்கு இரைபோடுவதற்கென்றே நான்கு பெரிய ஊர்களை ஒதுக்கி, அவற்றுக்கு ஏனைய வரிகளை நீக்கியிருந்தான் என்று ஹெரடோற்றஸ் எழுதுகிறார்.

இளவேனிலில் கன்றுகள் பிறக்கும். வேட்டைக்காரன் முன்னதாகவே சென்று எப்புல்வெளியில் மான்கள் மிகுதி என்று கண்டுவர வேண்டும். குறித்த நாளில் விடியுமுன் அங்கே இருத்தல் வேண்டும். நாய்கள் மானைக் கண்டு குரைக்காதபடி அவற்றைத் தொலைவிலுள்ள காட்டிற் கட்டிவிட்டுத் தான் மட்டும் ஒரு மேட்டிலிருந்து பார்க்க வேண்டும். பொழுது புலரும்போது பிணைமான்கள் கன்றுகளை அழைத்து வரும். ஒவ்வொன்றும் தன் கன்றைப் படுக்கவைத்துப் பாலூட்டி, எவரேனும் காண்கின்றனரோ என்று சுற்றுமுற்றும் நோக்கி, பின்னர் அப்பாற் சென்று நின்று காவல் செய்யும். இவ்வளவும் நிகழும்வரை பார்த்திருப்பவன் அசையலாகாது. அதன்பின் நூலாசிரியர் ஒரு நுட்பம் சொல்கிறார். கன்று கிடக்கும் இடத்தை நன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். தொலைவிலிருந்து கண்ட இடம், அருகிற் போனதும் முற்றிலும் வேறாகத் தோன்றும். வன்னிக் காடுகளிற் புல்வெளியைக் கடந்து பார்த்தோர் எவரும் இதனை மறுக்கமாட்டார். பதறி எழுபவன் கன்றையும் இழப்பான், இடத்தையும் இழப்பான்.

கன்று தரையோடு ஒட்டிக் கிடக்கும், தூக்கும்வரை அசையாது. மழையில் நனைந்திருந்தால் மட்டும் குளிர் தாங்காது எழுந்துவிடும். பிடிபட்ட கன்று கதறும். கதறலைக் கேட்ட தாய்மான் தன்னுயிரையும் பாராது, பிடித்தவனை நோக்கி ஓடிவரும். அதுவே நாயை ஏவவும் ஈட்டியை எறியவும் தக்க தருணம் என்று நூல் அமைதியாகச் சொல்லிச் செல்கின்றது. இவ்விடத்தில் இக்காலத்தவர் மனம் பின்வாங்கும், பின்வாங்குவதும் முறையே. காத்திருக்கக் கற்ற சிறுவன் இரங்கவும் கற்றானா என்ற கேள்விக்கு அந்நூலில் இடமில்லை. முயற்குட்டியைத் தெய்வத்துக்கு விட்டவர், மான்கன்றுக்கு அச்சலுகையைத் தரவில்லை.

பருவம் முதிர்ந்த மானுக்குரியது காற்கண்ணி. அதனைச் செய்யும் முறையை ஆசிரியர் கைவினைஞரைப் போல் விளக்குகிறார். உளுத்துப் போகாதிருக்கும்பொருட்டு யூ மரத்தின் கொம்புகளைப் பட்டை உரித்து வளையமாகப் பின்ன வேண்டும். வளையத்தினுள் இரும்பு முள்ளும் மர முள்ளும் மாறி மாறி வரும்; இரும்பு முள் சற்றுப் பெரிது. மானின் கால் உள்ளே சென்றால் மர முள் விட்டுக்கொடுக்கும், இரும்பு முள் பற்றிக்கொள்ளும். ஈரத்துக்கு மடியாத புல்வகையாற் திரித்த கயிற்றில் சுருக்கு. கயிற்றின் மறுமுனையில் மூன்று சாண் நீளமான ஓக் மரக் கட்டை, பட்டையோடு. ஏறக்குறைய 15 அங்குல ஆழத்தில் வட்டமாகக் குழி தோண்டி, வளையத்தை அமைத்து, கயிற்றையும் கட்டையையும் புதைத்து, மெல்லிய குச்சிகளைப் பரப்பி, அவற்றின்மேல் அப்பருவத்தில் உதிரும் இலைகளை இட வேண்டும். பின்னர் மண். முதலிற் குழியின் மேல்மண். அதன்மேல், தொலைவிலிருந்து கொண்டுவந்த கட்டியான மண். எஞ்சிய மண்ணை அங்கே கொட்டிவிடக் கூடாது. தூர எடுத்துச்செல்ல வேண்டும். புதிதாகக் கிளறிய மண்ணின் மணம் மூக்கில் ஏறினால் மான் அவ்விடத்தை அணுகாது.

வேலை முடிந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே இதில் மிகக் கடினமான பாடம். மலைக் கண்ணியை வைகறையிலும், பகலிலும் சென்று பார்க்க வேண்டும். மனித நடமாட்டமில்லாத அங்கே பகலிலும் மான் சிக்கும். வயற்புறக் கண்ணியை விடியலிற் பார்த்தாற் போதும். பகலில் மான் அங்கே வர அஞ்சும். கண்ணி பிடுங்கப்பட்டிருந்தால் மானைத் தேடி அங்குமிங்கும் ஓடுவதிற் பயனில்லை. கட்டை இழுபட்ட தடத்தைப் பார்க்க வேண்டும். கற்கள் இடம்பெயர்ந்திருக்கும், உழுத நிலத்தில் கோடு தெரியும், பாறையிற் கட்டையின் பட்டை உராய்ந்து ஒட்டியிருக்கும். கட்டையைப் பட்டையோடு வைத்ததன் காரணம் இப்போதுதான் விளங்குகின்றது. மானைக் கண்டபின்னும் அருகிற் செல்லலாகாது. கலை கொம்பாலும் காலாலும் தாக்கும், பிணை காலால் உதைக்கும். தொலைவிலிருந்தே எறிய வேண்டும். துள்ளியெழுந்த மானின் பின்னே கண்மூடிப் பாய்ந்த சைரசுக்கு இவ்வேட்டையில் ஓர் இடமும் இல்லை.

இதனை மறுத்தவரும் சோக்கிரதீசரின் மாணவரே. பிளேற்றோ தம் முதுமையில் எழுதிய ‘சட்டங்கள்’ என்னும் நூலின் ஏழாம் பகுதி இறுதியில், நல்லாட்சியுள்ள நகரின் இளைஞர் எவ்வேட்டையைப் பயிலலாம் என்று ஆராய்கிறார். தூண்டிலும் மீன்கூடும் அவருக்குப் பிடிக்கவில்லை. மனிதன் உறங்கும்போதும் வேலை செய்யும் அவை சோம்பேறிகளின் கருவிகள். இரவிலே முறைவைத்து உறங்கிக்கொண்டு வேட்டையாடுவோரும், வலையையும் கண்ணியையும் நம்புவோரும் புகழுக்குரியரல்லர். குதிரையோடும் நாயோடும் தம் உடல்வலியோடும் ஓடி, எறிந்து, வெல்வதே தகுந்த வேட்டை. துணிவை வளர்ப்பது அதுவொன்றே என்பது அவர் முடிவு.

ஒரே ஆசிரியரிடம் கேட்டவர் இருவர் இத்துணை வேறுபடுவது சிந்தனைக்குரியது. பிளேற்றோ கண்ணியிற் சோம்பலைக் கண்டார். செனபோன் அதே கண்ணியில் ஒழுக்கத்தைக் கண்டார். கண்ணி வைத்தவன் உறங்கலாம் என்று எழுதியவர், விடியற்காலைக் குளிரில் மலையேறி வெறுங் கண்ணியைப் பார்த்துத் திரும்பியவராகத் தோன்றவில்லை. மண்ணைத் தூர எடுத்துச்சென்று கொட்டும் உழைப்பை அவர் கணக்கிற் சேர்க்கவுமில்லை. எனினும் அவர் வாதத்தில் ஓர் உண்மை உண்டு. மறைந்திருந்து கொல்வதிற் பழகியவன் எதற்கெல்லாம் அப்பழக்கத்தைப் பயன்படுத்துவான் என்று அவர் அஞ்சினார். அவ்வச்சத்துக்குச் செனபோனின் நூலிலேயே சான்று இருக்கின்றது. சைரஸ் வளர்ந்து முதற் போருக்குப் புறப்படும்போது தந்தை காம்பிசஸ் எல்லைவரை உடன்வந்து அறிவுரை கூறுகிறார். கடுங்குளிரில் இரவே எழுந்து பறவை பிடிக்கச் சென்றதையும், கிளறிய நிலத்தைக் கிளறாத நிலம்போல் ஆக்கியதையும், தன்னைக் காட்டாது பறவைகளைப் பார்த்திருந்ததையும் மகனுக்கு நினைவூட்டுகிறார். அவற்றையெல்லாம் இனி மனிதரிடத்துக் கையாளுக என்கிறார். கிளறிய மண்ணை மறைக்கும் அதே பாடம்! மானுக்கும் பறவைக்கும் கற்ற பொறுமை போர்க்களத்தில் வந்து முடிகின்றது. செனபோனுக்கு இதில் மனவுறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை. வேட்டையின் பெரும்பயன் போர்ப்பயிற்சியே என்று வேட்டை நூலின் இறுதிப் பகுதியில் அவர் வெளிப்படையாகவே கூறுகிறார்.

இக்கல்வி யாருக்குக் கிடைத்தது என்பதும் கேட்கத்தக்கது. விடியுமுன் புல்வெளியில் அமர்ந்து பிணைமானைப் பார்த்திருக்க உழவன் மகனுக்கு ஓய்வேது? வேட்டையாற் குடும்பக் காரியம் கெடும் என்று அக்காலத்திலேயே சிலர் குறைகூறினர்; செனபோன் அவர்களுக்கு விடையிறுக்கிறார். விளைநிலத்தினூடே வேட்டைக்காரர் செல்வதைத் தடைசெய்யாதது முன்னோர் வழக்கம் என்றும் பெருமையோடு குறிப்பிடுகிறார். மிதிபட்ட பயிருக்குரியவன் என்ன சொன்னான் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை.

கிரில்லசும் தியோதோரசும் இவ்வண்ணம் வளர்ந்தனர். அஜெசிலேயஸ் மன்னன் அவர்களை ஸ்பாட்டாவுக்கு அழைப்பித்து, கீழ்ப்படியவும் கட்டளையிடவும் அங்கே கற்பிக்குமாறு செனபோனுக்கு அறிவுரை சொன்னான் என்று புளூட்டாக் எழுதுகிறார். கி.மு. 371 இல் லியூக்ட்ராவில் தீப்ஸ் நகரத்தார் ஸ்பாட்டரை முறியடித்தனர். ஸ்பாட்டாவின் வலி குன்றவே, எலிஸ் நாட்டார் ஸ்கில்லசை மீட்டுக்கொண்டனர். மனையும் கோயிலும் மான்காடும் செனபோனின் கையை விட்டுப் போயின; அவர் கொரிந்து நகருக்குச் சென்றார் என்பர். பின்னர் தீப்சை எதிர்க்கும்பொருட்டு அதென்சும் ஸ்பாட்டாவும் ஒன்றுசேர்ந்தன. நாடுகடத்தப்பட்டவரின் மைந்தர் இருவரும் அதென்சின் படையிற் சேர்ந்தனர்.

கி.மு. 362 இல் மந்தினேயா. தீப்சின் பெருந்தளபதி எபமினோண்டாஸ் தன் குதிரைப்படையை அந்நகரை நோக்கி அனுப்பினான். அறுவடைக் காலம், மக்களும் கால்நடைகளும் மதிலுக்கு வெளியே இருந்தனர். அவ்வேளையில்தான் அதென்சின் குதிரைப்படை நெடுவழி கடந்து களைத்து அங்கே வந்து சேர்ந்திருந்தது. நகரத்தார் ஓடிவந்து உதவி கேட்டனர். அதென்சு வீரர் எண்ணிக்கையில் தம்மினும் மிக்க பகைவரோடு பொருது, வெளியே கிடந்த மக்களையும் பொருள்களையும் காத்தனர். அச்சண்டையில் கிரில்லஸ் வீழ்ந்தான்.

அவன் புகழ் பரவிற்று. அவனைப் பற்றிய புகழுரைகளும் கல்லறைப் பாக்களும் எண்ணிறந்தன என்று அரிஸ்ரோட்டில் குறிப்பிட்டதாக அறிகின்றோம். யூப்ரானர் என்னும் ஓவியர் அப்போரை அதென்சில் தீட்டினார். எபமினோண்டாசைக் கிரில்லஸ் வீழ்த்துவதாக அவ்வோவியம் காட்டிற்று என்று பிற்காலத்துப் பயணியாகிய பௌசேனியாஸ் எழுதுகிறார். எபமினோண்டாஸ் பின்னர் நிகழ்ந்த பெரும்போரிலேயே இறந்தான் ஆதலின், அது அன்பு மிகுதியால் எழுந்த பிழையாகவே இருத்தல் வேண்டும். ஸ்கில்லசிலே பௌசேனியாசின் காலத்திலும், அஃதாவது கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலும், பன்றியும் மானும் வேட்டையாடப்பட்டன.

மகன் இறந்த செய்தி வந்தபோது செனபோன் மாலையணிந்து பலியிட்டுக்கொண்டிருந்தார் என்றொரு கதை உண்டு. கேட்டதும் மாலையைக் கழற்றினார், வீரத்தோடு மாண்டான் என்றறிந்ததும் மீண்டும் அணிந்துகொண்டார், கண்ணீர் விடவில்லை. பல நூற்றாண்டுகளின் பின் வந்த தியோஜனிஸ் லேயர்ட்டியஸ் கூறும் கதை இது. பெரியோரைப் பற்றி இத்தகைய கதைகள் எளிதில் தோன்றிவிடும்.

ஐயத்துக்கு இடமின்றி நம் கையில் இருப்பது செனபோன் தாமே எழுதிய கிரேக்க வரலாறு. அதன் இறுதிப் பக்கங்களில் மந்தினேயா வருகின்றது. அதென்சின் குதிரைவீரர் வந்த வழியையும், பகைவரின் மிகுதியையும், நகரத்தாரின் வேண்டுகோளையும் முறையாகச் சொல்லிச் செல்கிறார். அவ்வீரரும் அவர்தம் குதிரைகளும் அன்று காலையுணவு கொள்ளாதிருந்தனர் என்பதை மறவாது குறிக்கிறார். அவர்களுள் நல்லோர் மாண்டனர் என்று ஒரு வரி. மாண்டவர் ஒருவரின் பெயரும் அங்கே இல்லை.